காற்று நுழையாத தராசு அறை

அப்பாவின் கால் அடிக்கடி மரத்துப்போகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், நரம்பு வைத்தியப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நாளில்தான் லேப்பக்காவை முதலில் பார்த்தேன். அப்போது அவர் லேப்பக்கா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, வயது ஐம்பதைத் தொட்டிருக்கலாம், அவ்வளவுதான். டீக்காரர் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்கும் ஒண்ணு வாங்குங்க. பாதி டம்ளர்தான் ஊத்தச் சொல்லணும். முழுசா இருந்தா புடவைதான் குடிக்கும்."

வாங்கிக் கொடுத்தேன். மடியில் சும்மா கிடந்தவரை அசையாத கை, டம்ளரை நோக்கி நீண்டதும் ஆட ஆரம்பித்தது. உதட்டை நெருங்க நெருங்க ஆட்டம் கூடியது. பாதி டம்ளரிலும் கொஞ்சம் புடவை குடித்தது.

நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். பி.எஸ்சி. வேதியியல் என்றேன். எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் பட்டம் என்பதையும், அவர் கேட்காமலே, சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப பாதரசம் எத்தனை டிகிரியில கொதிக்கும்னு தெரிஞ்சிருக்குமே."

"முந்நூத்தி ஐம்பத்தேழு" என்றேன்.

"நானும் அதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றார். டம்ளரைக் கீழே வைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது அவருக்கு.

அன்று அப்பாவை உள்ளே கூப்பிட வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு பலமுறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். கேட்டதையெல்லாம் கோர்த்து எழுதுகிறேன்.

லேப்பக்கா அந்தப் பள்ளிக்கு வந்தது மைதானம் பெருக்க. காலை வெயிலில் மைதானம், மதிய வெயிலில் மாடிப்படி, நடுவில் ஆசிரியர்களுக்கு டீ. ஒருநாள் இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் காட்டாறு மாதிரி நடைபாதையில் பாய்ந்து வரும்போது, டீ நிறைந்த கண்ணாடி டம்ளர்களைத் தட்டில் ஏந்தி நடுவே நடந்து போனார். ஒரு சொட்டு சிந்தவில்லை. சயின்ஸ் டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு இருக்கிறது கையா, இல்ல தராசுத் தட்டா? லேபுக்கு வந்துடுறீங்களா?"

லேபில் அதுவரை இருந்த அட்டெண்டர் எதைத் தொட்டாலும் உடைக்கிற மனிதர். வாரம் ஒரு பீக்கராவது அவரால் மோட்சம் போகும். கடைசியில் தலைமையாசிரியை பொறுமை இழந்து அவரைக் கேட் காவலுக்கு அனுப்பிவிட்டார். மழையிலும் வெயிலிலும் கேட்டருகே நின்று அவர் கம்பியை இழுத்துத் திறந்து மூடுவதை லேப்பக்கா தினமும் பார்ப்பார். லேப் வேலை எப்படிப் பறிபோகும் என்பதற்கு அவருக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு லேப்பக்கா என்று பெயர். ஆசிரியர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பிள்ளைகளும் அப்படித்தான். டெஸ்ட் டியூப்களைப் பிரஷ் விட்டுக் கழுவி, கவிழ்த்து, உலர்ந்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். தண்ணீர்க் கறை ஒன்று தெரிந்தாலும் மறுபடி கழுவுவார். புட்டிகளுக்கெல்லாம் அவர் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டினார். பத்தாவதோடு படிப்பு நின்றாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கும். கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிற அவர் கணவர், வீட்டில் ஒரு கப் உடைந்தால்கூடச் சொல்வார்: "இது நான்தான். அவ உடைக்க மாட்டா. வெட்டுறது நான், காப்பாத்துறது அவ."

லேபின் ஒரு ஓரத்தைப் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்திருந்தார்கள். அதுதான் தராசு அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் நுண் தராசு ஒன்று இருந்தது. பெட்டியின் கதவு திறந்திருக்கும்போது ஒருவர் பெருமூச்சு விட்டாலும் முள் ஆடும். அதனால் அந்த அறைச் சன்னலைத் திறப்பதே இல்லை. இடுக்குகளில் காகிதம் ஒட்டியிருந்தது. மின்விசிறி போடவும் தடை. "காத்து வந்தா கிராம் பொய் சொல்லும்" என்று டீச்சர் ஒவ்வொரு புது வகுப்புக்கும் சொல்வார். அதை வேதவாக்காக வைத்துக் காப்பாற்றியவர் லேப்பக்கா. யாராவது கொக்கியில் கை வைத்தால் போதும், "சன்னலை விடு கண்ணு, உனக்கு வேர்த்தா வெளிய போய் வேர்த்துக்கோ" என்பார்.

மேற்குச் சுவர் வெயிலை வாங்கி மதியத்தில் அந்த அறை அடுப்புமேல் வைத்த பாத்திரம் மாதிரி ஆகிவிடும். ஆனால் சத்தமே இருக்காது. லேப்பக்கா சாப்பிடுவது அங்கேதான். சாப்பிட்டதும் மேசையில் கையை மடித்து, அதன்மேல் தலை வைத்துக் கொஞ்சம் கண் அயர்வதும் அங்கேதான். அவர் முகத்துக்குப் பக்கத்தில், அலமாரியின் கீழ்த்தட்டில் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று இருந்தது.

கிண்ணத்தில் இருந்தது பாதரசம்.

அது சேர்ந்த விதம் சாதாரணமானது. கொதிநீரில் வெப்பநிலை பார்க்கச் சொன்னால் ஏதாவது ஒரு பையன் தெர்மாமீட்டரைக் கரண்டி மாதிரி போட்டுக் கலக்குவான். குமிழ் உடையும். தரையில் ஓடும் வெள்ளி மணிகளைப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்ளும். லேப்பக்கா காகிதத்தை மடித்து, மணிகளை விரட்டி விரட்டிப் பிடித்து, கிண்ணத்தில் விடுவார். எறிய மனம் வராது. டீச்சரும் அதிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டு, "உலோகம், ஆனா திரவம்" என்று காட்டுவார். ஆரம்பத்தில் ஒருமுறை "மேல கொஞ்சம் தண்ணி ஊத்தி வைங்கக்கா" என்று சொன்னதும் டீச்சர்தான். ஊற்றினார். கோடை விடுமுறையில் அந்தத் தண்ணீர் வற்றியது. திரும்பி வந்தபோது பாதரசம் முன்பைவிடப் பளபளப்பாகத் தெரிந்ததால், அவர் தண்ணீரை மறந்துபோனார்.

திரவம் ஆவியாக, கொதிக்க வேண்டியதில்லை. நிழலில் போட்ட துணி காய்வதும், துடைத்த தரை உலர்வதும் அதனால்தான். மேற்பரப்பில் இருக்கிற துகள்களில் வேகம் மிகுந்தவை பிய்த்துக்கொண்டு காற்றில் போய்விடும். தண்ணீர் போவது நமக்குத் தெரியும், அளவு குறைகிறதே. பாதரசம் அவ்வளவு மெதுவாகப் போகும், கிண்ணம் அப்படியே இருப்பதாகத்தான் கண்ணுக்குப் படும். அந்த ஆவிக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. துளி நாற்றம் இருந்திருந்தால் லேப்பக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார். கிராம் பொய் சொல்லக்கூடாது என்று காற்றை வெளியே நிறுத்திய அந்த அறை, உள்ளே இருந்ததையும் வெளியே விடவில்லை.

முதலில் வந்தது வாயில் ஒரு ருசி. காசை நாக்கில் வைத்தது மாதிரி. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். "வயசாகுது" என்று அவரே சொல்லிக்கொண்டார். அப்புறம் தூக்கம் போனது. அதோடு கோபம் வந்தது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கணவர் சாதாரணமாகக் கேட்க, இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். கணவர் தட்டைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினார்.

"உப்பு இருக்குதான்னுதானேம்மா கேட்டேன். இல்லைன்னா சொன்னேன்?"

"எதைச் செஞ்சாலும் குத்தம். நான் வேலைக்கும் போகணும், உங்க நாக்குக்கும் காவல் இருக்கணும்."

அடுத்த நிமிடமே அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்று அவருக்கே புரியவில்லை. புது ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேசவும் கூச்சமாக இருந்தது. லேபுக்குள் வேறு டீச்சர் யாராவது எட்டிப் பார்த்தாலே தராசு அறைக்குள் போய் ஒளிந்துகொள்ளத் தொடங்கினார். அதாவது, எங்கே போகக்கூடாதோ அங்கே.

கை ஆடுவதை முதலில் கண்டது மகள். தொலைபேசிக் கடையில் வேலை பார்க்கிற பெண், வாய்த்துடுக்கு அதிகம். வீட்டில் உட்கார்ந்து புட்டிகளுக்குப் புதுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்த அம்மாவின் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா எழுதினது? கோழி கிறுக்கின மாதிரி இருக்கு."

"பேனா சரியில்லடி."

"பேனா சரியாத்தான் இருக்கு. இங்க பாரு, நான் எழுதினா வருதே." சிரித்துக்கொண்டே வாங்கி எழுதிய மகள், பேனாவைத் திரும்ப நீட்டியபோது, வாங்க வந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "டாக்டர்கிட்ட போலாமா?"

"போயி? கை ஆடுதுன்னு எழுதிக் குடுப்பாரு. அதைப் பள்ளிக்கூடத்துல காட்டினா அடுத்த நாளே கேட்டுல நிக்கணும். நான் கேட்டுக்குப் போகமாட்டேன்."

அந்த மாதமே தெர்மாமீட்டர் ஒன்று அவர் கையிலிருந்தே நழுவியது. அவர் உடைத்த முதல் பொருள். யாரும் பார்க்கவில்லை. தொட்டியில் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். பாதரசத்தை வழக்கம்போலக் கிண்ணத்தில் விட்டார். பிறகு இன்னொன்று நழுவியது. பிறகும் ஒன்று. கை ஆடியதால் தெர்மாமீட்டர் உடைந்தது. உடைந்ததால் கிண்ணம் நிறைந்தது. கிண்ணம் நிறைய நிறைய, மதியத்தில் அவர் தலைசாய்க்கும் இடத்துக் காற்று கனத்தது, கை இன்னும் ஆடியது. இந்தச் சக்கரத்துக்குள் இருந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் வேலையைக் காப்பாற்றிவிடலாம் என்று அவர் நினைத்தார்.

ஒருநாள் சிதறிய மணிகளை அவசரத்தில் வெறும் விரலால் ஒதுக்கினார். சாயங்காலம் பார்த்தால் மோதிரம் வெளுத்திருந்தது. மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த தங்க மோதிரம், ஈயத் துண்டு மாதிரி இருந்தது. ஏமாற்றிவிட்டான் கடைக்காரன் என்று கொதித்துக்கொண்டு நகை செய்கிற பத்தரிடம் போனார். பத்தர் கையில் வாங்கியதுமே கேட்டார்.

"பாதரசத்துல கை வச்சீங்களா?"

லேப்பக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க, தங்கம் நல்ல தங்கம்தான். பாதரசம் தங்கத்தைப் பார்த்தா கட்டிப் பிடிச்சுக்கும். தீயில காட்டினா விட்டுட்டுப் போயிடும்." கடையின் பின்வாசலுக்கு, திறந்த வெளிக்கு, கூட்டிப்போனார். "நீங்க அந்தப் பக்கம் நில்லுங்கம்மா. காத்து வர்ற பக்கம். முந்தானையால மூக்கைப் பொத்திக்குங்க."

"எதுக்கு?"

"எங்க அண்ணன் மழைக்குக் கதவைச் சாத்திக்கிட்டு, இதே மாதிரி ஒண்ணை உள்ள வச்சுத் தீயில ஊதினாரு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தவர்தான். எந்திரிக்கல."

சுடர் பட்டதும் மோதிரத்திலிருந்து வெளுப்பு மெல்ல விலகி மஞ்சள் வந்தது. புகை எதுவும் வரவில்லை. கண்ணுக்கு எதுவுமே தெரியாததுதான் லேப்பக்காவைப் பயமுறுத்தியது.

"சூடு காட்டாம சும்மா வச்சிருந்தா?" என்று கேட்டார்.

"சும்மா கிடந்தா அது பாட்டுக்குத் தூங்கும்மா. கொதிச்சாத்தானே கிளம்பும்."

அந்த ஒரு சொல் அவருக்குப் பெரிய ஆறுதலாகிவிட்டது. மறுநாள் டீச்சரிடம், "பாதரசம் எப்ப டீச்சர் கொதிக்கும்?" என்று போகிற போக்கில் கேட்டுவைத்தார். டீச்சர் எண்ணைச் சொன்னார். தராசு அறை எவ்வளவு வெந்தாலும் அதில் எட்டில் ஒரு பங்கு தாண்டாது. லேப்பக்கா அன்று மதியம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தலை சாய்த்தார்.

பாரோமீட்டர் குழாய் உடைந்தது மழைக்காலம் தொடங்கியபோது. ஒரு கை நீளத்துக்கும் மேலான கண்ணாடிக் குழாய், நிறையப் பாதரசம். காற்றின் அழுத்தத்தைக் காட்ட எட்டாம் வகுப்புக்கு வருடத்துக்கு ஒருமுறை வெளியே வரும். தூசி தட்ட எடுத்தவர் கையில் அது திடீரென்று உயிருள்ளது போலத் துள்ளியது. சத்தம் பெரிதாகவே கேட்டது. ஆனால் வெளியே இடி இடித்துக்கொண்டிருந்தது.

தரை முழுக்க வெள்ளி ஓடியது. ஓடுகளின் இடுக்கில் இறங்கியது. அவர் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினார். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. பெருக்கப் பெருக்க ஒவ்வொரு மணியும் நூறாக உடைந்தது. கிண்ணத்தில் பரந்து கிடப்பதைவிட இப்படிப் பொடிப்பொடியாகச் சிதறினால் காற்று தொடும் பரப்பு பல மடங்கு. துவைத்த துணியைச் சுருட்டி வைத்தால் காயாது, விரித்துப் போட்டால் காய்ந்துவிடும், அதே கணக்கு. அகப்பட்டதை அள்ளிக் கிண்ணத்தில் சேர்த்தார். உடைந்த குழாயைத் துணியில் சுற்றி அலமாரியின் பின்பக்கம் சொருகினார். அகப்படாதது இடுக்குகளில் தங்கியது.

அதற்குப் பிறகு அவர் சரியாகவே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச வந்தது மறந்துபோகும். தினமும் பார்க்கிற பிள்ளைகளின் பெயர்கள் நழுவின. மைதானத்தைக் கடந்து வீட்டுக்குப் போகும்போது எந்தப் பக்கம் கேட் என்று ஒருமுறை நின்றுவிட்டார். பழைய அட்டெண்டர்தான் அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"என்ன லேப்பக்கா, என் வேலையைப் பார்க்க வந்தீங்களா? இப்பவே குடுத்துடுறேன், எடுத்துக்குங்க."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். லேப்பக்கா திரும்பிப் பார்க்காமல் அவரைக் கடந்து போனார்.

ஏழாம் வகுப்புக்கு ஆவியாதல் பாடம் வந்த நாளில் லேப்பக்கா தடுப்புக்கு இந்தப் பக்கம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அந்தப் பாடத்தை எத்தனையோ வருடமாக அவர் கேட்டிருக்கிறார். டீச்சர் ஈரத்துணியால் கரும்பலகையில் ஒரு பட்டை இழுத்தார்.

"பாத்துக்கிட்டே இருங்க. எங்க போகுது?"

"காத்துல, மிஸ்."

"கொதிச்சுதா?"

"இல்ல மிஸ்."

"அதான் விஷயம். கொதிக்கிறது ஒரு குறிப்பிட்ட சூட்டுல மட்டும் நடக்கும். ஆவியாகுறது எல்லாச் சூட்டுலயும் நடந்துக்கிட்டே இருக்கும். சத்தம் போடாம."

வகுப்பில் கேள்விக்குறி என்று பட்டப்பெயர் வாங்கிய பெண் ஒருத்தி இருந்தாள். அவள் எழுந்தாள். "எல்லாத் திரவமுமா மிஸ்? பெட்ரோலு?"

"அது வேகமாப் போகும்."

"எண்ணெய்?"

"ரொம்ப மெதுவா."

"பாதரசமும் திரவம்னு சொன்னீங்களே."

பின்வரிசையில் யாரோ, "ஆரம்பிச்சிட்டாடா" என்றான். டீச்சர் ஒரு கணம் நின்றதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தே லேப்பக்காவால் உணர முடிந்தது.

"ஆமா. அதுவும் போகத்தானே செய்யும். மெதுவா. சரி, அடுத்த பக்கம் எடுங்க."

டீச்சர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். லேப்பக்காவால் புரட்ட முடியவில்லை. கையில் இருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. கீழ்த்தட்டில் கிண்ணம் இருந்தது, ஒரு முழத் தூரத்தில். வாயின் காசு ருசி, ஈறு, தூக்கம், கை, மறந்துபோன பெயர்கள் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதன் ஓரத்தில் நின்றன. பத்தரின் அண்ணனுக்கு ஒரே மூச்சில் உள்ளே போனது, தனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தடுப்பின் அந்தப் பக்கம் உப்பு எடை பார்க்க ஏழாம் வகுப்பு வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"லேப்பக்கா, நாங்க உள்ள போலாமா?"

போகாதீங்க என்று சொல்ல வாய் வந்தது. ஏன் என்று கேட்டால் கிண்ணத்தைச் சொல்ல வேண்டும். கிண்ணத்தைச் சொன்னால் பாரோமீட்டரைச் சொல்ல வேண்டும். "சீக்கிரம் முடிச்சிட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் சொல்லும்போது, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

மறுநாள் பள்ளி திறக்கும் முன்பே வந்தார். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கிண்ணத்தை எடுத்து லேபின் தொட்டியில் கவிழ்த்தார். பாதரசம் சலவைக்கல்லில் உருண்டு, சல்லடைத் துளை வழியாகச் சட்டென்று மறைந்தது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும், சாக்கடையில் சேர்ந்துவிடும், அதோடு விட்டது சனி என்று அவர் நினைத்தார்.

ஆனால் தொட்டிக்குக் கீழே கழிவுக் குழாய் வளைந்து கீழிறங்கி மறுபடி மேலேறும், சாக்கடை நாற்றம் மேலே வராதபடி. பாதரசம் தண்ணீரைப் போல் பதின்மூன்று மடங்குக்கும் மேலே கனமானது. வளைவின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீரால் அதைத் தூக்கவே முடியாது. சில நாளில் சுண்ணாம்புத்தூளும் கடுதாசித் துண்டும் அதன்மேல் படிந்து, தொட்டியில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது.

கிண்ணம் இல்லாத அறையில் லேப்பக்கா இப்போது சாப்பிடுவதில்லை, ஆனாலும் கை நிற்கவில்லை. தரை இடுக்குகள் இருந்தன. தொட்டியைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் கூடியிருந்தது. அவர் நீண்ட கம்பியால் குத்திப் பார்த்தார். கம்பி எதிலோ இறங்கியது. மேலே இழுத்ததும் அதன் முனையில் நடுங்கும் வெள்ளித் துளி ஒன்று ஒட்டியிருந்து, உடனே நழுவி விழுந்தது.

தலைமையாசிரியை குழாய்க்காரரை அனுப்பினார். எட்டாம் வகுப்புக்கு அப்போது லேப் நேரம். டீச்சர் பாடத்தைத் தொடங்கப் பார்க்க, பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி வேடிக்கை பார்த்தார்கள். குழாய்க்காரர் படுத்துக்கொண்டு கீழே நுழைந்தார்.

"இரும்பு வளைவு. நட்டு துருப்பிடிச்சுக் கல்லாட்டம் ஆயிடுச்சு. ஸ்பேனர் போட்டா என் தோள்பட்டைதான் கழலும்." பையிலிருந்து கேஸ் டார்ச்சை எடுத்தார். "சூடு காட்டினா தானா வழிக்கு வரும். தம்பிகளா, மழை வருது, அந்தச் சன்னலை எல்லாம் சாத்துங்க, சுடர் அணைஞ்சிடும்."

பிள்ளைகள் பாய்ந்து சன்னல்களைச் சாத்தினார்கள்.

லேப்பக்கா பீக்கர் தட்டோடு நின்றிருந்தார். டார்ச் சீறியது. நீலச் சுடர் வந்தது. கொதித்தால்தான் கிளம்பும் என்று சொன்ன பத்தரின் குரல் காதில் கேட்டது, அவர் அண்ணன் சாத்திய கதவும் நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்தால் வேலை இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்.

"அதைப் பத்த வைக்காதீங்க."

"பத்த வச்சாச்சும்மா."

"அணைங்க. அந்தக் குழாய்ல காட்டாதீங்க."

"ஏம்மா, இது உங்க மாமியார் வீட்டுச் சீதனமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். லேப்பக்கா தட்டைக் கீழே வைக்கப் போனார். கை கேட்கவில்லை. தட்டு சாய்ந்தது, பீக்கர்கள் ஒவ்வொன்றாக விழுந்து நொறுங்கின. சிரிப்பு அடங்கியது. அந்த லேபில் அவர் எதையும் உடைத்து யாரும் பார்த்ததில்லை.

"என்னக்கா?" என்றார் டீச்சர்.

"உள்ள பாதரசம் இருக்கு."

"எவ்வளவு?"

"எல்லாம்."

டீச்சரின் பார்வை அலமாரிக்குப் போனது. "பாரோமீட்டர்?"

"அதுவும்தான். தராசு ரூம் தரையிலயும் இருக்கு."

டீச்சர் போய் டார்ச்சின் திருகை அவரே மூடினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, பையை எடுக்காமல், வரிசைகூடப் போடாமல் வெளியே போகச் சொன்னார். குழாய்க்காரர் தொட்டிக்கு அடியிலிருந்து பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தார்.

தலைமையாசிரியை அறையில் கேட்ட முதல் கேள்வி, ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்பதுதான்.

"கேட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு" என்றார் லேப்பக்கா.

தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். மூடிய அறையில், திறந்த கிண்ணத்தில் பாதரசம் இருந்ததை அவரும் வருடக்கணக்கில் பார்த்தவர்தான். அதிலிருந்து துளி எடுத்துப் பாடம் நடத்தியவர்தான்.

வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு தரை ஓடுகளைப் பெயர்த்தார்கள், பாதரசத்தைக் கட்டிப்போடக் கந்தகப் பொடி தூவினார்கள், வளைகுழாயை அப்படியே அறுத்து வாய் கட்டி எடுத்துப் போனார்கள். அந்த வருடத்து ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பரிசோதனை நடந்தது. சிலருடைய சிறுநீரில் பாதரசம் இருந்தது. கேள்விக்குறியும் அவர்களில் ஒருத்தி. குறைந்துவிடும் என்றார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் அந்த அறைக்குள் நின்று உப்பு எடை பார்த்தவர்கள் எங்கெங்கோ வேலைக்கும் கல்லூரிக்கும் போய்விட்டார்கள். அவர்களைத் தேடி யாரும் போகவில்லை.

லேப்பக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். வாயின் ருசி போயிற்று, தூக்கம் வந்தது, கோபம் பெரும்பாலும் அடங்கியது. கை மட்டும் முழுதாக அடங்கவில்லை. நாளாகிவிட்டதால் இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் இப்போதும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். மைதானம் பெருக்குகிறார், மாடிப்படி பெருக்குகிறார். டீ தட்டை அவரிடம் கொடுப்பதில்லை. லேபை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே புது அட்டெண்டர் வந்திருக்கிறார். கீழே இருந்த பழைய லேப் பூட்டிக் கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்பு வைத்தியப் பிரிவுக்கு வந்து, பெயர் கூப்பிடும்வரை வெளியே காத்திருக்கிறார்.